பிளஸ் டூ கடைசி ஆண்டும் ஆறே முக்கால் பேருந்தும்

தொடக்கப் பதிவு: ஆறேமுக்கால் (1995-96 அணி)

எங்கள் பள்ளியின் பழைய ஆய்வுக்கூடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று சென்ற வாரம் வகுப்புத் தோழர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். ஓட்டுக் கூரையும் மருந்துக் கறை படிந்த மேசைகளும் கொண்ட அந்தக் கட்டடம் போவதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆனால் அதன் மேற்குச் சன்னல் போகிறதே என்று நினைத்தபோது மனம் ஒரு கணம் தயங்கியது. அந்தச் சன்னலிலிருந்து பார்த்தால் பேருந்து திரும்பும் முனை தெரியும்.

சுற்றுவட்டாரத்தில் அறிவியல் பிரிவு இருந்த ஒரே மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. வகுப்பில் 52 பேர் இருந்தோம்; அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் டவுன் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். மாலை நாலரைக்குப் பள்ளி முடிந்ததும் சிறப்பு வகுப்பு தொடங்கும். எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குக் கடைசிப் பேருந்து ஆறே முக்காலுக்கு. அதைத் தவறவிட்டால் ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும், அல்லது உள்ளூர்த் தோழன் ஒருவன் வீட்டுத் திண்ணையில் படுக்க வேண்டும். இயற்பியல் ஆசிரியர் ஒரு சமன்பாட்டைத் தருவிக்கத் தொடங்கி அது கரும்பலகையின் வலது ஓரத்தை எட்டும்போது மணி ஆறரையைத் தாண்டியிருக்கும். பேருந்துப் பிள்ளைகள் புத்தகங்களை அடுக்கும் ஓசை அப்போது மெல்ல எழும். அவர் திரும்பிப் பார்க்காமலே, "மீதியை உள்ளூர்க்காரர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்" என்பார். எந்தத் தருவிப்பும் எனக்கு முழுதாகக் கிடைத்ததில்லை. கடைசி நான்கு வரிகள் எப்போதும் இன்னொருவன் கையெழுத்தில்தான் இருக்கும்.

பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் அந்தப் பேருந்தின் ஓட்டுநர், யாரும் கேட்காமலே, பள்ளி முனையில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்திவைப்பார். அவருக்கு நாங்கள் நன்றி சொன்னதாக நினைவில்லை.

கடைசி ஆண்டைப் பற்றிப் பேசும்போது ஆட்டோகிராஃப் நோட்டையும் பிரிவு உபசார விழாவையும் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். நான் வேறொன்று கேட்க விரும்புகிறேன். அந்த ஆண்டில் உங்கள் நாளை முடித்துவைத்தது எது? வீட்டுக்குப் போகும் நேரத்தை யார், எது தீர்மானித்தது?

---

பழைய பெஞ்சு (1980 அணி)

நான் பிளஸ் டூவின் முதல் அணியைச் சேர்ந்தவன். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து, 1980 மார்ச்சில் முதல் பொதுத்தேர்வு எழுதினோம். நீங்கள் எல்லோரும் பேசுகிற இந்தக் "கடைசி ஆண்டு" சிற்றூருக்கு வந்ததே அப்போதுதான் என்பதை இளையவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் புகுமுக வகுப்புக்குக் கல்லூரிக்குச் செல்ல வேண்டும். அதாவது, பதினாறு வயதில் தகரப் பெட்டியோடு திருச்சிக்கோ மதுரைக்கோ பேருந்து ஏற வேண்டும். பெட்டி வாங்க முடியாதவர்களின் படிப்பு அங்கேயே நின்றுவிடும். என் அண்ணன் விடுதியில் தங்கிப் பி.யூ.சி. படித்து, ஆங்கிலத்தில் நடந்த பாடம் புரியாமல் ஒரே ஆண்டில் திரும்பி வந்தவர். நான் அதே ஊரில், அதே வேப்பமரத்தடியில், தமிழிலேயே மேலும் இரண்டு ஆண்டுகள் படித்தேன். அந்த வேறுபாடு ஒன்றே எங்கள் இருவர் வாழ்க்கையையும் வெவ்வேறு பக்கம் திருப்பியது.

எங்களுக்கு முந்தைய ஆண்டு வினாத்தாள் என்று ஒன்று கிடையாது. எது வரும், எது வராது என்று சொல்ல ஓர் அண்ணன்மார் கூட்டமும் கிடையாது. கணக்கு ஆசிரியர் முதல் நாளே, "இந்தப் புத்தகத்தை நானும் இப்போதுதான் பார்க்கிறேன், சேர்ந்தே படிப்போம்" என்றார். இன்று எந்த ஆசிரியரும் வகுப்பில் அப்படிச் சொல்லத் துணிவாரா என்று தெரியவில்லை.

உங்கள் கேள்விக்கு விடை: எங்கள் நாளை முடித்துவைத்தது மின்வெட்டு.

---

நீலமை (1989 அணி)

ஆறேமுக்கால் ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தச் சன்னல் ஓரத்தில் ஒரு பெண்ணாவது உட்கார்ந்திருந்தாளா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

எங்கள் வகுப்பில் 48 பேர். பெண்கள் ஒன்பது பேர். நாலரை மணி அடித்ததும் எங்களை அனுப்பிவிடுவார்கள். "இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள்" என்று சொன்னவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் உப்புப் பகுப்பாய்வை இரண்டாம் முறை செய்து பார்த்ததும், ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் ஒப்பித்ததும், எந்தப் பாடத்திலிருந்து பத்து மதிப்பெண் வினா வரும் என்று ஆசிரியர் கோடிட்டுக் காட்டியதும் எல்லாமே நாலரைக்குப் பின்புதான் நடந்தன. மறுநாள் காலையில் பையன்களிடம் நோட்டைக் கேட்டால் அதற்கு ஒரு பேச்சு எழும். கேட்காவிட்டால் மதிப்பெண் போகும். இரவில் பள்ளியிலேயே தங்கிப் படித்ததையும், நடுநிசியில் தேநீர் போட்டுக் குடித்ததையும் பற்றி ஆண்கள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம், அவர்கள் வேறொரு பள்ளியில் படித்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வேதியியலில் எப்போதும் முதலாவதாக வருவாள். தை மாதத்தில் அவளுக்குத் திருமணம் ஆயிற்று. பதினெட்டு வயது நிறையவில்லை. 1978லேயே சட்டம் பதினெட்டு என்று சொல்லிவிட்டது. அந்தச் சட்டம் தெரிந்தவர்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். மார்ச்சில் புதுத் தாலியை ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு தேர்வு எழுத வந்தாள். ஹால் டிக்கெட்டில் அப்பாவின் முன்னெழுத்துதான் இருந்தது. வாசலில் அவளுடைய கணவர் மிதிவண்டியோடு மூன்று மணி நேரமும் காத்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தேர்வெழுத அழைத்து வந்தாரே என்று அன்று எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். புகழுக்குரிய செயலாக அது இருந்த காலம் அது.

---

ஆறேமுக்கால்

அம்மா, எங்கள் வகுப்புப் புகைப்படத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். முன்வரிசையில் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள். சிறப்பு வகுப்பில் அவர்களில் ஒருவரைக்கூட என்னால் நினைவுகூர முடியவில்லை. பேருந்து எனக்கு ஆறே முக்காலுக்கு. அவர்களுக்கு நாலரைக்கே போய்விட்டது என்பதை இத்தனை ஆண்டுகளில் நான் யோசித்ததே இல்லை.

---

பியூரெட் (ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்)

மேசையின் மறுபக்கத்திலிருந்து ஒருவர் பேசுவது முறை என்று எண்ணுகிறேன். நான் 28 ஆண்டுகள் சிற்றூர்ப் பள்ளிகளில் வேதியியல் முதுகலை ஆசிரியராக இருந்தேன்.

சிறப்பு வகுப்பு எதற்காக வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண். அதில் கருத்தியலுக்கு 150, செய்முறைக்கு 50. அந்த ஐம்பதைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டால் நலிந்த மாணவன்கூடக் கரையேறிவிடுவான் என்பது ஒவ்வொரு அறிவியல் ஆசிரியரின் கணக்கு. ஆனால் கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்களான பியூரெட்டுகள் என்னிடம் எட்டுதான் இருந்தன. அவற்றில் இரண்டு ஒழுகும். ஐம்பது பேர் கொண்ட வகுப்புக்கு இரண்டு பாடவேளையில் பருமனறி பகுப்பாய்வைச் செய்யச் சொன்னால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைப் பியூரெட்டில் எடுக்கும்போது, நிறம் அடர்த்தியாக இருப்பதால் பிறைபோல் வளைந்த கரைசல் மட்டத்தின் அடிவிளிம்பு, அதாவது கீழ்ப்பிறை, தெரியாது; மேல்விளிம்பான மேல்பிறையைத்தான் படிக்க வேண்டும். இதை வாயால் நூறு முறை சொன்னாலும் ஏறாது. ஒரு முறை தானே குனிந்து, கண்ணைக் கரைசலின் மட்டத்துக்கு வைத்துப் பார்த்தவன் மறக்க மாட்டான். முடிவுநிலையில் அந்த இளஞ்சிவப்பு கலையாமல் நிற்கும்போது ஒரு பதினேழு வயது முகத்தில் தோன்றும் வியப்பை நான் பலநூறு முறை பார்த்திருக்கிறேன். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் நாலரைக்குப் பின்புதான் கிடைத்தது.

நீலமை அம்மையார் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஓர் ஆண்டு, பெண்களும் வரட்டும் என்று சிறப்பு வகுப்பைக் காலை ஏழே முக்காலுக்கு மாற்றினேன். உள்ளூர்ப் பெண்கள் வந்தார்கள். ஆனால் முதல் பேருந்து எட்டு இருபதுக்குத்தான் வந்து சேரும் என்பதால் வெளியூர்ப் பையன்களும் பெண்களும் விடுபட்டார்கள். மாலையில் வைத்தால் ஒரு கூட்டத்துக்கும் காலையில் வைத்தால் இன்னொரு கூட்டத்துக்கும் அநீதி. கடைசியில் வாரத்தைப் பாதியாகப் பிரித்தேன். எல்லோருக்கும் பாதிப் பாடம் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முடிவுகள் வந்ததும் பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை எழுதிக்கொண்டு மேலதிகாரிகளின் கூட்டத்துக்குப் போக வேண்டும். விழுக்காடு குறைந்த ஆசிரியரை எழுந்து நிற்கச் சொல்வார்கள். முடி நரைத்த பின்பு ஒரு முறை நானும் அப்படி நின்றிருக்கிறேன். அதற்கு அடுத்த ஆண்டு, தேறமாட்டான் என்று நாங்கள் கருதிய சில மாணவர்களை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதும்படி பேசினோம். "பேசினோம்" என்பது மென்மையான சொல். அந்தப் பெற்றோரில் ஒருவர் கைநாட்டு வைத்தார். காகிதத்தை நகர்த்திக் கொடுத்தது என் கை.

---

மூன்றாம் குரூப்

ஆசிரியர் ஐயாவின் பதிவைப் படித்துவிட்டு நேற்று முழுவதும் பதில் எழுதாமல் இருந்தேன். நீங்கள் சொல்லும் வகை மாணவன் நான். உங்கள் பள்ளி அல்ல. ஆனால் காகிதம் அதே காகிதம்தான்.

நான் வணிகவியல் பிரிவு. ஊரில் அதை ஆர்ட்ஸ் குரூப் என்பார்கள். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடம் என்ற பொருளில்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். எங்களுக்குச் சிறப்பு வகுப்பு கிடையாது. ஆகவே எங்கள் நாள் நாலரைக்கே முடிந்துவிடும். யாரும் எங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. அறிவியல் பிரிவுக்காரர்கள் "எங்களை வதைத்தார்கள்" என்று எழுதும்போது எனக்குச் சற்றே பொறாமையாக இருக்கும். வதைப்பதற்காவது ஒருவருக்கு நம்மேல் எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டுமே.

அரையாண்டுத் தேர்வில் கணக்குப்பதிவியலில் தவறினேன். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். என் தாயார் தலைமையாசிரியர் அறை வாசலில் காலையிலிருந்து மதியம் வரை நின்று, "எழுதட்டும், தவறினால் தவறட்டும்" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எழுத விட்டார்கள். தவறினேன்.

முடிவு வந்த நாளில் மாலைப் பத்திரிகைக் கட்டு பேருந்து நிலையத்தில் இறங்கும். பக்கம் பக்கமாக எண்கள், பெயர் இருக்காது. ஆனால் சிற்றூரில் எண்ணுக்குப் பின்னால் எவன் இருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். என் எண்ணுக்கு முந்தையதும் பிந்தையதும் இருந்தன. அச்சுப் பிழையாக இருக்கலாம் என்று நினைத்துக் கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தேன். தேநீர்க் கடைக்காரர் பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டு, காசு வாங்காமல் தேநீர் கொடுத்தார். அந்த இரக்கத்தைத் தாங்குவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

அக்டோபரில் எழுதித் தேறினேன். இன்று வரித் தாக்கல் செய்து கொடுக்கும் அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன், கணக்குப்பதிவியலில்தான் பிழைப்பு. இதை வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. என்னோடு அந்தக் காகிதத்தைப் பெற்ற இன்னும் இருவருக்கு வாசலில் நிற்க ஆள் இல்லை.

---

பியூரெட்

தம்பி, உங்கள் தாயார் இருக்கிறார்களா?

---

மூன்றாம் குரூப்

இருக்கிறார், ஐயா. நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அந்த வாத்தியாராவது ஒத்துக்கொண்டாரே" என்றார்.

---

மின்னழுத்தமானி (2003 அணி)

உரையாடலின் கனத்தை நான் குறைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் கடைசி ஆண்டு மார்ச்சோடு முடியவில்லை. 1984-85இல் தொடங்கிய தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு அப்போது இருந்தது. பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, ஆக 300க்குக் கணக்கிடுவார்கள். பொதுத்தேர்வு முடிந்த மறுநாளே வசதியுள்ளவர்கள் பெருநகரங்களுக்குப் பயிற்சி வகுப்புக்குப் போனார்கள். நாங்கள் நால்வர், முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரின் பழைய வினாத்தொகுப்பை நாள்வீதம் பங்கிட்டுப் படித்தோம். ஞாயிற்றுக்கிழமை யாருக்கு என்பதில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. அந்தத் தேர்வு ஒழிக்கப்பட்டு, 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே போதும் என்று ஆனபோது, நான் கல்லூரியின் இறுதியாண்டை முடித்துக்கொண்டிருந்தேன். என் தம்பி அந்த ஆண்டு சேர்ந்தான். இன்றுவரை அதைச் சொல்லி அவனைச் சீண்டுவேன்.

என் பெயருக்கு விளக்கம் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகள் தமிழ் வழியில் மின்னழுத்தமானி, நிறமாலைமானி, சோனாமீட்டர் என்று படித்துச் செய்முறையில் முழு மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். கல்லூரியின் முதல் வாரத்தில் ஆய்வக உதவியாளர் "பொட்டன்ஷியோமீட்டரை எடுத்து வை" என்றார். அந்தக் கருவி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பத்து மீட்டர் கம்பி பலகையின் மேல் வரிவரியாக ஓடுவதைப் பார்த்தவுடனே அது என்னவென்று தெரியும், பெயர்தான் தெரியவில்லை. அசையாமல் நின்றேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு வேறொருவனை அழைத்தார். பழைய பெஞ்சு ஐயாவின் அண்ணனுக்கு நேர்ந்தது இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து எனக்கும் நேர்ந்தது. படிப்பில் ஓர் ஆண்டு தள்ளி நேர்ந்தது என்பதே வேறுபாடு.

எங்கள் நாளை முடித்துவைத்தது இணைய உலாவு மையம் (பிரவுசிங் சென்டர்) என்று சொல்லலாம். மணிக் கணக்கில் காசு என்பதால் படிப்பு அங்கே நடக்கவில்லை என்பது தனிக் கதை.

---

பாதி ஆண்டு (2021 அணி)

நான் உங்கள் எல்லோரையும்விட இளையவள். ஆறேமுக்கால் அண்ணாவின் கேள்விக்கு எங்களிடம் வேறுவிதமான விடை இருக்கிறது: எங்கள் நாள் தொடங்கவே இல்லை.

எனக்கு முந்தைய அணியில் என் அக்காள் இருந்தாள். 2020 மார்ச் 24 அவர்களுக்குக் கடைசித் தேர்வு, வேதியியல். அன்று மாலை ஆறு மணிக்கு 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வருவதாக இருந்தது. எங்கள் வழித்தடத்தில் காலையிலேயே பேருந்து வரவில்லை. அப்பா அவளைப் பால் வண்டியில் ஏற்றி அனுப்பினார். வர இயலாதவர்கள் ஜூலை 27 அன்று மறுதேர்வு எழுதினார்கள். மையை ஊற்றிக்கொள்வது, சட்டையில் கையெழுத்துப் போடுவது ஒன்றும் இல்லாமல் எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள் என்றாள்.

எங்களுக்குப் பள்ளி 2021 ஜனவரி 19 அன்றுதான் திறந்தது. அதுவரை கல்வித் தொலைக்காட்சியும் ஒரே கைப்பேசியும்தான். அதையும் கல்லூரியில் படித்த அக்காளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஏப்ரலில் செய்முறைத் தேர்வு மட்டும் நடந்தது. ஜூன் 5 அன்று பொதுத்தேர்வு இல்லை என்று அறிவித்தார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னில் 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டில் 30 என்று கூட்டிப் போட்டார்கள். பத்தாம் வகுப்பில் நான் காய்ச்சலோடு எழுதியிருந்தேன். ஆகவே பதினைந்து வயதில் வந்த காய்ச்சல் என் பிளஸ் டூ மதிப்பெண்ணில் பாதியைத் தீர்மானித்தது. தேர்ச்சி விழுக்காடு நூறு. மூன்றாம் குரூப் அண்ணாவின் தாயாரைப் போல யாரும் வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அதை எண்ணினால் எங்கள் ஆண்டைப் பற்றி முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஆசிரியர் ஐயா, நான் பியூரெட்டைத் தொட்டது மொத்தம் இரண்டு முறை. மேல்பிறையை யாரும் எனக்குச் சொல்லவில்லை; இங்கேதான் தெரிந்துகொண்டேன்.

---

பியூரெட்

எந்த ஊராக இருந்தாலும் ஒரு நாள் வாருங்கள், அம்மா. ஒழுகாத பியூரெட் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஓய்வு பெறும்போது உடைந்ததாக எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீலமை அம்மையாரிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த வேதியியல் மாணவி தேறினாரா?

---

நீலமை

தேறினாள், ஐயா. வேதியியலில் 171, வகுப்பிலேயே அதிகம். மதிப்பெண் சான்றிதழ் வாங்க யாரும் வரவில்லை என்று எழுத்தர் என்னிடம் இரண்டு மூன்று முறை சொன்னார். புகுந்த வீட்டு முகவரி எனக்குத் தெரியாது. அவளுடைய அப்பாவிடம் சொன்னபோது, "அது எங்கே போய்விடப் போகிறது" என்றார்.

ஆறு ஆண்டுகள் கழித்து, தங்கையின் சேர்க்கைக்காக நான் பள்ளிக்குப் போயிருந்த அன்று அவள் அலுவலக அறையில் நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. இன்னொன்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் வேண்டும் என்றாள். எழுத்தர் இரும்புப் பீரோவின் அடித்தட்டிலிருந்து தேடி எடுத்தார். ஓரம் சற்றே மஞ்சளாகியிருந்தது, மற்றபடி மடிப்புக்கூட விழவில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனவள், பேனாவைப் பிடித்தபடி நின்று, எந்த முன்னெழுத்தைப் போடுவது என்று கேட்டாள். சான்றிதழில் உள்ளபடியே போடச் சொன்னார் எழுத்தர்.